பதில் சொல்லும் முன் பத்து எண்ணவும்

வகுப்பு இல்லாத நாட்களில் நான் பேசுவது டீக்கடையில் சொல்லும் "சீனி வேண்டாம்" மட்டும்தான். அப்படிப்பட்ட நான் 2010இல் குழித்துறையில் ஒரு மருந்துக்கடை மாடியில், வெளிநாடு போகத் துடிக்கும் நர்சுகளுக்கு ஆங்கிலம் நடத்தினேன். ஆறு பேர். ஆறு பேருக்கும் பேச்சு தாராளமாக வந்தது. பிறர் பேசுவதைக் கேட்கத்தான் பொறுமையில்லை.

அதற்காக இணையத்திலிருந்து ஒரு பாட்காஸ்டை, அதாவது ஒலிப்பதிவுப் பாடத்தை, பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தேன். ஆன்ட்ரூ என்கிற வெள்ளைக்காரர் பத்து நிமிடம் பேசுவார். கடைசியில் ஐந்து கேள்வி கேட்பார்.

முதல் நாள் ஆன்ட்ரூ, "எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

"ஃபைன், தேங்க்யூ! ஹௌ ஆர் யூ?" என்றார்கள் ஆறு பேரும். அவருடைய பதிலுக்காக இவர்கள் காத்திருந்தபோது அவர் பாடத்தில் ரயில் நிலையத்துக்குப் போய் டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான பிரீனாவின் அம்மா லீலாபாய் மகளுக்குத் துணையாக அருமனையிலிருந்து பஸ்ஸில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் ஸ்பீக்கரைப் பார்த்து, "சுகந்தான் மக்களே. நீ வல்லதும் தின்னியா?" என்று சாப்பாட்டை விசாரித்தார்.

"அவருக்கு நாம பேசுறது கேக்காதும்மா," என்றேன்.

"செவி கேக்காதவனையா சாரே இவளுவளுக்குக் கேக்கப் படிப்பிக்க வச்சிருக்கேரு?"

அன்று ஒரு சட்டம் போட்டேன். குரல் பேசும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். குரல் நின்ற பிறகு மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, பதில்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து எண்ணும் நேரம் என் ஆயுளின் நல்ல நேரம். இரண்டு வாரம் கழித்து அதை இருபதாக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் பிரீனா. அதற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு நேர்காணல்களில், கேள்வி முடியுமுன்பே பதில் சொல்லித் தோற்றிருந்தாள். மூன்றாவது, குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி. போனில் நேர்காணல். முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவர்கள் எடுப்பதில்லை. பிரீனாவுக்கு அந்த வயதைத் தாண்ட இருபது நாள்தான் இருந்தது. இது போனால் அடுத்தது இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வகுப்பிலேயே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், "குட் மார்னிங், உங்கள் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

பிரீனா நோட்டைத் திறந்து எழுதினாள்: ஒன்று, பெயர்.



"ஹலோ? லைன் சரியில்லையா? எத்தனை வருட அனுபவம்?"

எழுதினாள்: இரண்டு, லைன். மூன்று, அனுபவம்.

நான் கையை ஆட்டினேன். வாயைத் திறந்து மூடிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். என் சட்டத்தை என்னிடமே காக்கிறாள். எல்லாம் தெரிந்தும் நான் மறுபடியும் கையைத்தான் ஆட்டினேன்.

கடைசி பெஞ்சில் மூன்று வாரம் அடக்கி வைத்த அணை உடைந்தது.

"ஏட்டி! அவிய பேரு கேக்காவ! பேரு செல்லுட்டி!"

"யார் பேசுவது?" என்றது குரல்.

"ஐ மதர்!" என்றார் லீலாபாய். "ஷீ குட் கேர்ள்! யூ ஈட்?"

பிரீனா கண்ணை மூடினாள். அவள் உதடுகள் அசைவதைப் பார்த்து நானும் எண்ணினேன். பத்து.

"மேடம், நீங்கள் நான்கு கேள்வி கேட்டீர்கள்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "முதல் கேள்விக்குப் பதில், பிரீனா. இரண்டு, லைன் நன்றாக இருக்கிறது. மூன்று, பதினொரு வருடம், அதில் ஐந்து வருடம் ஐ.சி.யூ. நான்கு, பேசியது என் அம்மா. அம்மா கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரித்து முடித்ததும், ஒரு டாக்டர் போனில் சொல்வதுபோல மருந்து, அளவு, நேரம், அறை எண் என்று கடகடவென்று எட்டு விஷயம் சொன்னார் அந்த மேடம். பிரீனா எழுதினாள், பத்து எண்ணினாள், எட்டையும் ஒன்று பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"நேற்றிலிருந்து பதினேழு பேர். நான் முடிக்கும் முன்பே எல்லோரும் 'எஸ் மேடம்' என்றார்கள். உன்னை எடுத்துக்கொள்கிறோம். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?"

பிரீனா அதையும் எழுதிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஏழாவது எண்ணில் போன் வைக்கப்பட்டது.

வகுப்பே கூச்சலிட்டது. லீலாபாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவிலேயே கேட்டார்: "எப்பம்ட்டி போணும்?"

பிரீனா நோட்டைப் புரட்டினாள். "தெரியாதும்மா. அத அவிய செல்லல்ல."

"சர்டிபிக்கேட்டெல்லாம் எங்க அனுப்பணுமாம்?"

"அதும் செல்லல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபது நாள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். போனை வாங்கி, வந்த எண்ணுக்கே திருப்பி அடித்தேன்.

"ஹலோ?" என்றது அந்தக் குரல்.

நானும் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"ஹலோ?"

லீலாபாய் முழங்கையால் என் விலாவில் ஒன்று வைத்தார். "பேசும் சாரே!"

பேசினேன். பதினாறு நிமிடம் பேசினேனாம். போகும் தேதி, சர்டிபிக்கேட் அனுப்பும் முகவரி என்று பிரீனா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.