ஒத்தை ஓட்டம்

இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் ஓடும் பின்ஹுக் ரேஸ் திடலில் ஒரு பழக்கம் இருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு கார்களில் ஒன்று படுத்துவிட்டால், மற்றவன் தனியாக ஓடிக் கோப்பையை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அங்கே ஒருவனும் அப்படி எடுத்ததில்லை. எதிராளி தன் காரை விட்டு இறங்கி, ஸ்பானரோடு படுத்துப்போன காரின் பக்கம் வருவான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை எழுப்புவார்கள். எழுந்த கார் தன்னைத் தோற்கடித்தாலும் தோற்கடித்துவிட்டுப் போகட்டும். ஒத்தை ஓட்டம் ஓடி ஜெயித்தவன் என்று பெயரெடுத்தால், அலபாமாவின் வடகோடியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அப்புறம் ஒரு கடையில் ஏறி டீ குடிக்க முடியாது.

இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மட்டும் அப்புறம் வந்த கேமராக்காரன் படித்திருக்கப் போகிறானா என்ன?

ஒலீட்டா ஸ்டாம்பர் வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். சனிக்கிழமையானால் தன் பழைய பச்சை நோவா காரைப் பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு பின்ஹுக்குக்கு வந்துவிடுவாள். அவளுக்கு அடுத்த இடத்தில் எப்போதும் ரேபர்ன் கேகிலின் கார்தான் நிற்கும். ரேபர்ன் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவன். இருவரும் ஒரே ஜாக்கி, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே வறுத்த இறைச்சி சாண்ட்விச் என்று காலத்தை ஓட்டியவர்கள். அவன் ஜெயித்தால் இவள் திட்டுவாள், இவள் ஜெயித்தால் அவன் திட்டுவான். அதற்கு மேல் அவர்களுக்குள் பகை என்று ஒன்று கிடையாது.

வசந்தகாலத்தில் கேடன் என்ற பையன் நாலு கேமராவோடு வந்து இறங்கினான். இணையத்தில் அவன் சேனலை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்களாம். தெருவோர ரேஸ்களைத் தேடித் தேடிப் படமெடுப்பவன். பற்கள் எல்லாம் வரிசையாக, வெள்ளை வெளேரென்று இருந்தன. "மிஸ் ஒலீட்டா, நீங்க கேமராவையே பாக்க வேணாம். எப்பவும் போல இருங்க" என்றான். அவளும் எப்பவும் போல இருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று கடைசிச் சுற்று அவளுக்கும் ரேபர்னுக்கும். வரிசையில் நிற்கும்போது ரேபர்ன் காரில் செல்ஃப் எடுக்கவில்லை. ஒலீட்டா தன் பிக்கப் வண்டிக்கு அடியில் புகுந்து, கொதிக்கும் இரும்பில் முழங்கையைச் சுட்டுக்கொண்டு, அதன் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வந்தாள். அவன் கார் அடியில் படுத்துப் பாதி வேலை, பானெட்டுக்குள் தலையை விட்டு மீதி வேலை. கார் கிளம்பியது. கிளம்பி அவளையே தோற்கடித்தது.

"என் மோட்டார வச்சே என்ன ஜெயிச்சிட்டியேடா, பாவி!"

"அதான் சொன்னேன், உன் வண்டில இருந்த ஒரே நல்ல சாமான் அதுதான்னு!"

பிக்கப்பில் செல்ஃப் இல்லாததால் திடலில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து தள்ளி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "எனக்குப் புதுசு வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றான் ரேபர்ன். "வச்சுக்கோ, செத்தா கூடவே கொண்டு போ" என்றாள் அவள். பிக்கப்புக்கு வேறொரு மோட்டார் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

வீடியோ வெளியானபோது மோட்டாரைக் கழற்றியது அதில் இல்லை. தள்ளியது இல்லை. சிரிப்பும் இல்லை. ரேபர்ன் காரின் பானெட்டுக்குள் அவள் குனிந்திருப்பது மட்டும் இருந்தது, பேய்ப்படத்தில் வருவது மாதிரி ஒரு இசையோடு. பிறகு ரேபர்ன் முகம் சுளிக்கும் ஒரு துண்டு. வேறெப்போதோ ஒரு குளவி கொட்டியதற்குச் சுளித்தது அது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: எதிரியின் எஞ்சினில் கைவைத்த பெண்.

பேருந்தில் பிள்ளைகள் பாட்டுக் கட்டிப் பாடின. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தாய் தன் மகளை ஏற்றிவிடும்போது, "முன்னாடி உக்காராத, பின்னாடி போ" என்று ஒலீட்டாவின் காதுபடவே சொன்னாள். பள்ளிகளின் மாவட்ட அலுவலகத்தில் கூப்பிட்டு, அந்த வீடியோவில் இருப்பது நீங்கள்தானா என்று கேட்டார்கள். பேருந்தில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையின் உயிரும் தன் கையில் இருக்கும்போது, அந்தக் கையைப் பற்றித்தான் ஊர் சந்தேகப்படுகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

நேரே ரேபர்ன் வீட்டுக்குப் போனாள். அவன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீ கேமராவப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு ரேபர்ன். அவ தன் வண்டி மோட்டாரக் கழட்டி எனக்குக் குடுத்தாள்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சொன்னேன் புள்ள. சத்தியமா சொன்னேன். வெட்டிட்டானுங்க."

அவள் நம்பினாள். அவன் உண்மையில் சொல்லியும் இருந்தான். அப்போது அவன் இன்னும் பழைய ரேபர்ன்தான்.

கோடைக்குள் எல்லாம் மாறிவிட்டது. கேடன் மறுபடி மறுபடி கேமராவோடு வந்தான், அவன் வந்தால் கூட்டம் வந்தது. ரேபர்ன் படம் போட்ட பனியன்கள் விற்றன. முதுகில் 'கிழவி தொட்டாலும் நிக்காது' என்று எழுதியிருந்தது. கிழவி என்றது ஒலீட்டாவைத்தான். எந்தக் கம்பெனியோ அவனுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பியது. சாதாரண வேகத்தில் ஓட்டுகிறவர்கள், தம் குடும்பத்தோடு வந்து கோடையைப் போக்கும் ஆட்கள், எல்லோருக்கும் ஓட்டம் காலையிலேயே முடிந்துபோனது. மதியத்துக்கு மேல், கேமரா முன்னால் ஒருவரையொருவர் முறைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இடம்.

திடலின் சொந்தக்காரர் ஹோயிட் டிட்வெல்லிடம் போய்ச் சண்டை போட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"போன வருஷம் கேட்டப் பூட்டறதா இருந்தேன், ஒலீட்டா. நீங்க நாப்பது பேர் வந்து உக்காந்தா கரண்டு பில்லு கூடக் கட்ட முடியாது. இப்ப நிக்க இடமில்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவர் சொன்னது நியாயம் என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இலையுதிர்காலப் பந்தயத்தை நேரலையாகக் காட்டப் போகிறோம் என்று கேடன் அறிவித்ததும் ஒலீட்டாவுக்கு மூச்சு வந்தது. நேரலையில் கத்தரிக்கோல் போட முடியாதல்லவா? ரேபர்னைப் பிடித்தாள்.

"இந்தத் தடவ வெட்ட முடியாது. சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன்" என்றான், பனியன் பெட்டியை இறக்கிக்கொண்டே. "உன் மோட்டார் இன்னும் என் வண்டிலதான் கெடக்கு. புதுசு பெட்டியிலயே இருக்கு, பிரிக்கல. உன்னுது ராசியா இருக்கு புள்ள."

பந்தயத்தன்று அவள் வெறிபிடித்தவள் மாதிரி ஓட்டினாள். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, கேடன் வேண்டியபடியே, கடைசிச் சுற்றில் ரேபர்ன் பக்கத்தில் வந்து நின்றாள். மாலை வெயில் கண்ணைக் குத்தியது. இரும்புப் படிக்கட்டுகள் கொள்ளாமல் ஆட்கள் வேலி மீது தொங்கினார்கள். முன்னால் ஓடிய கார் தடத்தில் சிந்திய எண்ணெயைத் துடைக்கும் வரை எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தாள். பிறகு சாவியைத் திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

மறுபடி திருப்பினாள். டிக். சூட்டில் அவள் காரின் செல்ஃப் செத்துவிட்டது. ஆட்டோ கியர் கார், தள்ளியும் எடுக்க முடியாது.

ஆனால் ஒலீட்டாவுக்குப் பயம் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. ரேபர்ன் இறங்கி வருவான். பிரிக்காத பெட்டியை எடுத்துக்கொண்டு, அத்தனை கேமராவுக்கும் முன்னால், அவள் காரின் அடியில் படுப்பான். அவன் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவள் பெல்ட்டை அவிழ்த்து இறங்கி, அவன் காரைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

ரேபர்ன் கதவைத் திறந்தான். ஒரு கால் தரையில் பட்டது. அதற்குள் கேடன் ஓடிவந்து ஜன்னலில் குனிந்து என்னவோ சொன்னான். கூட்டம் "ஒத்தையா போ! ஒத்தையா போ!" என்று கத்த ஆரம்பித்தது. இந்த ஊர் ஆட்கள் இல்லை அவர்கள். ஆனால் இந்த ஊர் ஆட்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டதை ஒலீட்டா பார்த்தாள். தேவாலயத்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறவன்கூட வாயைக் குவித்துக் கத்தினான்.

ரேபர்ன் அவளைப் பார்த்தான். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

அவன் சாவியைத் திருப்பியபோது முதலில் ஒரு சின்னக் கீச்சு கேட்டது. பல் தேய்ந்த மோட்டார் போடும் கீச்சு. பல வருஷம் தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் அவள் கேட்ட சத்தம் அது. அதைத் தொடர்ந்து எஞ்சின் உறுமியது. விளக்கு பச்சையானது. எதிராளி இல்லாத தடத்தில், யாரும் துரத்தாமல், ரேபர்ன் கேகில் முழு வேகத்தில் போனான். பின்ஹுக்கில் இதுவரை எழாத ஆரவாரம் எழுந்தது.

கேடன் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"மிஸ் ஒலீட்டா, நேரலைல இருக்கீங்க! இப்ப எப்பிடி இருக்கு?"

இதற்காகத்தானே காத்திருந்தாள். மெதுவாக, பிசிறில்லாமல் சொன்னாள். "அவன் வண்டிய ஸ்டார்ட் பண்ணுச்சே, அது என்னோட செல்ஃப் மோட்டார்."

கேடன் கண்ணை அகல விரித்துக் கேமரா பக்கம் திரும்பினான். "கேட்டீங்களா மக்களே! அவன் எஞ்சினுக்குள்ள என்ன இருக்குன்னு இந்தம்மாவுக்கு அத்துபடி! எப்பிடி? கையவச்சுப் பாத்திருக்காங்கல்ல!"

கூட்டம் ஊளையிட்டது. தான் இனி என்ன சொன்னாலும் அது இவன் சட்டைப்பையில்தான் போய் விழும் என்று அவளுக்குப் புரிந்தது. தன் காரின் பக்கம் திரும்பினாள்.

காரைத் தடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். நியூட்ரலில் போட்டு, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினாள். வசந்தகாலத்தில் அவள் பிக்கப்பைத் தள்ளிவிட்டவர்களில் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள். கைகள் எல்லாம் செல்போனைப் பிடித்திருந்தன. கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஹோயிட் டிட்வெல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குப் பின்புறம், கூட்டத்தின் கண்ணுக்கு எட்டாத திருப்பம் வந்ததும், கார் திடீரென்று இலேசானது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் டிக்கியில் இரண்டு கையும் வைத்து ரேபர்ன் தள்ளிக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"புதுசு மோட்டாரு என் ட்ரெய்லர்ல இருக்கு" என்றான், தரையைப் பார்த்து. "எடுத்தாரட்டுமா? இங்க கேமரா இல்ல."

ஒலீட்டா ஒரு காலை உள்ளே விட்டுப் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"கைய எடு ரேபர்ன்" என்றாள். "நீ நல்லவன்னு யாராவது பாத்துடப் போறாங்க."

அவன் கையை எடுத்தான். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மறுபடி தோளைக் கொடுத்துத் தனியாகவே தள்ளிக்கொண்டு போனாள்.