இருபத்தெட்டா, முப்பத்தைந்தா

கட்டிலின் ஒரு பக்கம் துர்க்கா வேட்டியும் சேர்ட்டும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அவள் கணவன் கிருபன் ஐந்து லென்ஸ்களை வரிசையாக வைத்துவிட்டு, சந்தையில் மீன் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்குவதும் திருப்புவதும் வைப்பதுமாக இருந்தான். மறுநாள் காலை விமானம். சென்னையில், வளசரவாக்கத்தில், அவனுடைய அம்மா இறந்து இரண்டு நாளாகிறது. உடலை ஆஸ்பத்திரிக் குளிரில் வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவன் செய்தி கேட்டது செவ்வாய்க்கிழமை, படம் கழுவும் வேலையிடத்தில். துர்க்காதான் தொலைபேசியில் சொன்னாள். "ஓம்" என்று வைத்துவிட்டு, மிச்சமிருந்த பதினான்கு ரோலையும் கழுவி, வெட்டி, உறையில் போட்டு, உறைக்கு மேல் பெயரும் எழுதிவிட்டுத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பஸ்ஸில் இருக்கும்போதாவது அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை. வீட்டுக்கு வந்தால் வரும் என்று பார்த்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள். இவன் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். அம்மா செத்தும் அழாதவன் என்ன பிள்ளை என்று தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும், பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி, எங்கேயோ தூரத்தில்தான் இருந்தது.

கிருபன் வாரநாட்களில் படம் கழுவுகிறவன், சனி ஞாயிறில் படம் எடுக்கிறவன். அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் கனடாவில், ஸ்காபரோவில் தமிழர் வீட்டில் கலியாணமோ சாமத்தியவீடோ நடந்தால், மூன்றில் ஒன்றிலாவது மணவறைக்கு முன்னால் முழங்காலில் நிற்கிற மெலிந்த மனிதன் அவன்தான். வீடியோக்காரருக்கும் அவனுக்கும் ஆகாது. வீடியோவை ஒருதரம் போட்டுப் பார்ப்பார்கள், சம்பந்தி சாப்பிடுகிற கட்டத்தில் சிரிப்பார்கள், பிறகு அலுமாரிக்குள் தூக்கிப்போட்டுவிடுவார்கள். படம் அப்படியில்லை, சுவரில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் என்பான். தொழில் பேச்சுத்தான். ஆனாலும் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இந்தப் பயணத்தில் அவன் எடுக்கப்போகும் படங்களுக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அண்ணன் ஜெயரட்ணம் சூரிச்சில் இருந்தார். அக்கா நிலாணி ஜெர்மனியில். இரண்டு பேருக்கும் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. நாட்டைவிட்டு ஒரு கால் வெளியே வைத்தால் மறுகால் உள்ளே வர முடியாது. மூன்று பிள்ளைகளில் கடவுச்சீட்டு உள்ளவன் கிருபன் ஒருவன்தான். அதுவும் போன ஆவணியில் கிடைத்தது. வருகிற கோடையில் போய் அம்மாவைப் பார்ப்பதாக இருந்தான், இது மார்ச். அண்ணனும் அக்காவும் அம்மாவின் செத்தவீட்டைப் பார்ப்பதென்றால் இவன் கொண்டுவருகிற படத்தில்தான் பார்க்கவேண்டும், வேறு வழியில்லை. அதை நினைத்துத்தான் காலையிலிருந்து இந்த ஐந்து லென்ஸோடும் மாரடித்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ், அம்மாவின் முகத்துக்கு. ஐம்பது, அம்மா தங்கியிருந்த செல்வரட்ணம் மாமா வீட்டில் ரியூப்லைற் மட்டும்தான் எரியும் என்பதால் வெளிச்சம் குறைந்த நேரத்துக்கு. முழங்கை நீளமுள்ள பெரிய ஸூம், சுடலைக்கு. அங்கே ஆட்கள் சுற்றி நிற்பார்கள், தூரத்திலிருந்துதான் பிடிக்கவேண்டிவரும். முப்பத்தைந்தும் இருபத்தெட்டும், ஹோலில் எல்லாரையும் சேர்த்து எடுக்க. ஒன்றையும் விட மனம் வராமல் ஐந்தையும் பைக்குள் வைத்தான். துர்க்கா பையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"உதென்ன இந்தப் பாரம். அங்கை கலியாணமே நடக்குது?" என்றாள்.

 கிருபன் ஓர் உறையின் பின்பக்கத்தில் மாமா வீட்டு ஹோலைக் கீறிக் காட்டினான். அளவெல்லாம் மாமாவிடம் கேட்டு எழுதியிருந்தான். ஜன்னல் இங்கே, பெட்டி இங்கே, ஐயர் இங்கே, பெண்கள் இந்தச் சுவரோரம். கமெரா நிற்கிற இடத்துக்குச் சின்னதாக ஒரு புள்ளடி போட்டிருந்தான். துர்க்கா அதை வாங்கி அதிக நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

பிற்பகல் மூன்று மணிபோல் ஜெயரட்ணம் தொலைபேசியில் வந்தார். அழுது அடைத்த குரல்.

"தம்பி, எல்லாம் எடுத்து வைச்சிட்டியோ?"

"ஓம் அண்ணை. அம்மான்ரை முகத்துக்கு ஒரு லென்ஸ் தனியா எடுத்திருக்கிறன். சுடலைக்கு வேறை."

"சுடலையிலை ஆர் எடுக்கிறது?"

"நான்தான்."



"கிருபன், அப்பாவுக்கு மூத்தவன் எண்டு நான் கொள்ளி வைச்சன். அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை நீயெல்லோ வைக்கவேணும். குடமும் உன்ரை தோளிலை. வைச்சால் பிறகு திரும்பிப் பாராமல் வரவேணும். நீ எப்பிடியடா படம் எடுப்பாய்?"

கிருபன் ரிசீவரைக் காதில் வைத்தபடி கட்டிலில் இருந்தான். அவனுக்கு இது தெரியாத முறையல்ல. தெரிந்ததுமட்டுமல்ல, ஒரு மகன் மொட்டையடித்து ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு மூன்று முறை சுற்றிவருவான் என்பதைக் கணக்கில் எடுத்து, அந்தப் படத்தை எந்தப் பக்கம் நின்று எடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். அந்த மகனுக்கு மட்டும் அவன் நினைப்பில் முகம் இருக்கவில்லை. எத்தனையோ வருடமாக ஆர் வீட்டுச் சடங்கிலும் கமெராவுக்குப் பின்னால் நின்று பழகியவன், தன் தாயின் சடங்கிலும் தன்னைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டான். வெட்கமாக இருந்தது. அண்ணன் அதைக் கண்டுபிடித்தது இன்னும் வெட்கமாக இருந்தது.

"அங்கை ஆரும் ஸ்ரூடியோக்காரனைப் பிடிக்கேலாதோ?" என்று கேட்டான்.

"செல்வரட்ணம் மாமாவைக் கேட்டனான். இலங்கை ஆக்கள் எண்டு வீட்டுச் சொந்தக்காரன் ஏற்கெனவே ஒரு மாதிரியாம். கமெராவோடை வெளியாளை உள்ளுக்கு விட்டால் பிறகு பொலிஸ், விசாரணை எண்டு வருமாம். தான் எடுக்கிறனாம். அமத்திறது எது எண்டு மட்டும் நீ காட்டினால் காணுமாம்."

"மாமா கமெராவைத் தொட்டதே இல்லையே அண்ணை."

"அதுக்குத்தான் உனக்குச் சொல்லுறன். அவருக்குப் பிடிபடுற மாதிரி ஏதாவது செய். எனக்கு நிறையப் படம் வேண்டாம். அம்மா கிடக்கிறதும், நீ பக்கத்திலை நிக்கிறதும் ஒரு படத்திலை வரவேணும். எங்கடை ஆள் ஒண்டு பக்கத்திலை நிண்டது எண்டு நான் பாக்கவேணும்."

 கிருபன் "சரி அண்ணை" என்று வைத்தான்.

பையிலிருந்த ஐந்து லென்ஸையும் மறுபடி கட்டிலில் பரப்பினான். ஸூமை எடுத்து அலுமாரிக்குள் வைத்தான். எண்பத்தைந்தையும் ஐம்பதையும் அதற்குப் பக்கத்தில் வைத்தான். அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் எடுப்பதென்றால் கை பழகியிருக்க வேண்டும். மாமா எடுத்தால் மூக்கும் தெரியாது, முழியும் தெரியாது. மிஞ்சியது இரண்டு.

"சின்ன ஒட்டோமற்றிக் கமெரா ஒண்டு வாங்கினால் என்ன? மாமாவுக்கும் சுகம்," என்றாள் துர்க்கா.

"அதின்ரை பிளாஷிலை முகம் வெள்ளைச் சுவர் மாதிரி வரும். அம்மாவை அதாலை எடுக்கேலாது."

அவள் மீண்டும் சேர்ட் மடிக்கப் போனாள். இந்த விஷயத்தில் அவனோடு வாய் கொடுப்பதில் பயனில்லை என்பது ஆறு வருட அனுபவம்.

மாமாவின் ஹோலில் ஆறடிக்குமேல் பின்னால் போக முடியாது, போனால் கதவு. ஆகவே ஆறடித் தூரத்துக்கு இரண்டு லென்ஸையும் திருப்பி, அவை பிறகு அசையாதபடி சுற்றிவரக் கறுப்புப் பசை ரேப் ஒட்டினான். வெளிச்சம் விடுகிற வளையத்துக்கும் அப்படியே. முகத்தில் நேரே அடிக்காமல் மேலே திருப்பிவைத்த தன் பிளாஷின் பொத்தானுக்கும் ஒரு துண்டு. மாமா எதைத் தொட்டாலும் எதுவும் மாறக்கூடாது. கை தன்பாட்டில் வேலை செய்தது. இப்படி ஒரு வேலை கிடைத்தது அவனுக்கு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எந்த லென்ஸ் என்பது தீரவில்லை. முப்பத்தைந்தைப் போட்டால் ஆறடியில் நின்று எடுக்கும்போது ஆறடி அகலம்தான் படத்துக்குள் வரும். அதற்குள் அம்மாவும் வரவேண்டும், தலைமாட்டில் நிற்கிற அவனும் வரவேண்டும். இருபத்தெட்டைப் போட்டால் இரண்டும் தாராளமாக வரும். ஆனால் ஓரத்தில் உள்ளதை அது இழுத்துவிடும். கலியாண வீட்டில் ஓரத்தில் நிற்கிற அன்ரிமாரின் கன்னத்தை அது என்ன பாடுபடுத்தும் என்று அவனுக்குத் தெரியும். அம்மாவின் தலை ஓரத்தில்தான் வரும். அண்ணன் காலம் முழுக்கப் பார்க்கப்போகிற படத்தில் அம்மாவின் முகம் இழுபட்டிருக்கக் கூடாது.

"வாரும், ஒருக்கா பாப்பம்," என்றான். முப்பத்தைந்தைப் பூட்டிக் கமெராவைத் துர்க்காவின் கையில் கொடுத்து, வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்கள் இருந்த அந்த ஏழாம் மாடி ஹோலில் சோபாவைத் தள்ளிவிட்டு, அளவுநாடாவால் ஆறடி அளந்து அவளைச் சுவரோரம் நிறுத்தினான். "இப்ப நீர்தான் மாமா."

அவன் போய் எதிரே நின்றான். நின்ற பிறகு கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரில் உள்ள மாப்பிள்ளைமாருக்கெல்லாம் கை எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன், இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"நீங்கள் நிக்கிறது தெரியுது," என்றாள் துர்க்கா, ஒரு கண்ணை மூடியபடி. "மாமி எங்கை கிடப்பா?"

"இஞ்சை." தன் காலடியில் கம்பளத்தின்மேல் ஒரு துண்டு ரேப்பை ஒட்டினான். "இது தலைமாடு. இப்பிடி நீட்டுக்கு, அந்தப் பக்கம்."

"கால் எதுமட்டும் வரும்? அதையும் ஒட்டுங்கோ, அப்பதான் எனக்குத் தெரியும்."

கிருபன் ரேப்பும் கையுமாக அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். குனிந்தவன் நிமிர்ந்தான். "அம்மா என்ரை தோளளவு," என்று, ஒரு கையை விறைப்பாகத் தன் தோளுக்கு நேரே பிடித்தான். "இதை அளவும்."

துர்க்கா கமெராவைச் சோபாவில் வைத்துவிட்டு வந்து, நிலத்திலிருந்து அவன் கைவரை நாடாவைப் பிடித்தாள். "நாலடி பத்து."

"இல்லை," என்றான் அவன். "பொறும். நான் வெளிக்கிடேக்கை எனக்குப் பதினேழு. இஞ்ச வந்துதான் வளர்ந்தனான்."

"எவ்வளவு வளர்ந்தியள்?"

அதை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. பிடித்த கையைக் கொஞ்சம் இறக்கினான். நெஞ்சுக்கு நேரே நிறுத்தினான். அது மிகவும் தாழ்வாகப் பட்டது, திரும்ப உயர்த்தினான். கொழும்பில் விமானநிலைய வாசலில் அம்மா அவன் சேர்ட்டின் மேல்பொத்தானைப் பூட்டிவிட்டதை நினைத்துப் பார்த்தான். அப்போது அவ கையை உயர்த்தினாவா, நேரே நீட்டினாவா? அதற்குப் பிறகு பதினொரு வருடமாக வந்த படங்களில் எல்லாம் அம்மா கதிரையில் உட்கார்ந்துதான் இருந்தா. அண்ணனைக் கேட்கலாம். அண்ணனும் கண்டு பதின்மூன்று வருடம். துர்க்கா அவவைக் கண்டதே இல்லை.

துர்க்கா நாடாவோடு முழங்காலில் இருந்தாள். அவன் கை மேலும் கீழுமாகப் போய்வந்தது, எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

"ரெண்டு லென்ஸையும் பைக்குள்ளை வையும்," என்றான் கடைசியில். "அங்கை போய் அம்மாவை அளந்து பாத்திட்டு ஒண்டைப் போடுறன்."

சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. துர்க்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கையை இறக்கினான். நெஞ்சுக்குள் நொந்தது, நன்றாகவே நொந்தது. அவன் அப்படியே கம்பளத்தில் இருந்துவிட்டான்.