வானத்தில் வெள்ளிப் பொடி

அன்னக்கிளி வானத்தைப் பார்ப்பதை நிறுத்தி ஒரு வாரமாயிற்று.

பார்த்தால் போதும். பனி விலகிய குன்னூர் நீலத்தில் வெள்ளிப் பொடிகள் கிளம்பிவிடும். துள்ளும், வளையும், சட்டென்று மறையும். உடனே வேறொரு கூட்டம். கண் போகப்போகிறது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். கணவன் ஒச்சப்பனிடம்கூட மூச்சு விடவில்லை.

இன்று தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் கண் சோதனை. தேறினால் கொழுந்து பறிக்கும் வேலை. வேலை இருந்தால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை. இல்லையென்றால், சிலோனிலிருந்து கப்பலேறி வந்த தகரப் பெட்டியோடு மறுபடியும் தெரு.

வரிசையில் பின்னால் நின்ற வீரம்மா காதோரம் குனிந்தாள். கப்பல் இறங்கியதும் மண்டபம் முகாமில் எல்லோரும் கற்றுக்கொண்ட பாடத்தை நினைவூட்டினாள். டாக்டர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சலா, இல்லை. இருமலா, இல்லை. அப்படிச் சொல்லித்தான் அத்தனை பேரும் அங்கிருந்து ரயிலேறினார்கள்.

அன்னக்கிளியின் முறை வந்தது. டாக்டர் தங்கவேலு கோயம்புத்தூர்க்காரர். எதிர்ச் சரிவில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த பெரிய மரத்தைக் காட்டினார். அதுவும் இல்லை. சந்தேகத்தோடு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். இல்லவே இல்லை.

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "பாவமுங்க. இந்தக் கண்ண வெச்சுட்டு சரிவுல எப்படி நிப்பீங்க?"

அப்போதுதான் உறைத்தது. இங்கே இல்லை என்றால் வேலையும் இல்லை.

"தெரியுதுங்கய்யா. துணி தெரியுது, மரம் தெரியுது, உங்க மூக்கு நல்லாவே தெரியுது. வானத்துல பறக்குற வெள்ளிப் பொடிகூடத் தெரியுது எனக்கு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேனா அந்தரத்தில் நின்றது.

"என்ன பொடிங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து அண்ணாந்தார். அசையவில்லை. வாய் மட்டும் மெல்லத் திறந்தது.

"எனக்கும் பறக்குதுங்க," என்றார். "ஏனுங்கம்மா, இது சீக்கே இல்ல. வெளிச்சமான வானத்தப் பாத்தா, கண்ணுக்குள்ள ஓடுற ரத்தம் அப்படித் தெரியும். நல்ல கண்ணுலயும் தெரியும்."

துணி, மரம், மூக்கு மூன்றையும் மறுபடி காட்டினார். மூன்றுக்கும் ஆமாம் வாங்கிக்கொண்டு, வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.

அன்னக்கிளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகப் பார்க்காத வானத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். பொடிகள் அவளுக்காகவே குதித்தன. தலை கிறுகிறுத்தது; பார்ப்பதை நிறுத்தத்தான் மனமில்லை. பின்னால் வரிசை முழுவதும் அண்ணாந்திருந்தது. ஒருவர் நிலை தடுமாறித் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்தார், அங்கிருந்தபடியே பார்த்தார்.

வீரம்மா மட்டும் முகம் வெளுத்து நின்றாள். "அடியே, எனக்கு ஒண்ணுமே பறக்கலையே. எனக்கு வேலை கெடைக்காதா?"

அன்னக்கிளி அவள் கன்னங்களைப் பிடித்து, மலை முகட்டுக்கு மேலிருந்த நீலத்துக்குத் திருப்பினாள். ஒரே இடத்தைப் பார்க்கச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீரம்மாவின் உதடுகள் பிரிந்தன.

"அடி ஆத்தி," என்றாள், "சந்தைக்குப் போற கூட்டம் மாதிரியில்ல ஓடுது."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாரும் கீழே பார்க்கவில்லை.