சாரதா அன்ரி கடையில் ஒரு சமநிலை

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உணவகம் நடத்தும் சாரதாதேவி, தெருவுக்கெல்லாம் சாரதா அன்ரி, தன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீசைத் தாட்சாயினி இரண்டு தரம் வாசித்தாள். 'எங்கள் கிராண்ட்மாஸ்டர் தாட்சாயினி கணினியை வெல்கிறார். ஞாயிறு மூன்று மணி.' ஆட்டம் தொடங்கவே இல்லை, அதற்குள் வென்றாயிற்று. வெற்றிக்கென்று ஒரு தாச்சிச் சட்டி நிறையக் கேசரி கிண்டுவதாக வேறு சொல்லியிருந்தார் மனுசி. பிள்ளை பிறக்கமுன் பெயர் வைக்கிற ஆட்கள் நம்மவர்கள்.

இந்தக் காலத்துச் சதுரங்கக் கணினியைக் கிராண்ட்மாஸ்டர்கள் வெல்வதில்லை. வெல்ல நினைத்து ஆட்டத்தைத் திறந்தால் தோல்விதான். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் சமநிலை கிடைக்கலாம். இதை அன்ரியிடம் எப்படிச் சொல்வது? அம்மா இந்தக் கடைக் குசினியில் சமையல் வேலை செய்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்து மூலை மேசையில் பலகையோடு குந்தியிருப்பாள் தாட்சாயினி. சனிக்கிழமைச் சனத்திலும் அன்ரி அவளை ஒருநாளும் எழுப்பியதில்லை. வந்தவர்களைத்தான் வாசலில் நிற்க வைத்தார். அந்த நன்றிக்கு ஒரு வெற்றியாவது கொடுக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை, அதே மூலை மேசை. பக்கத்துத் தொலைபேசிக் கடைப் பிரதீஸ் மடிகணினியைப் பார்த்து அதன் காய்களை நகர்த்தினான். கொத்துரொட்டிச் சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். தாட்சாயினி சிப்பாய்களை முட்டவைத்து நடுப்பலகையை அடைத்தாள். பிள்ளை பயந்து விளையாடுகிறது என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அது சுட்டது. குதிரையைப் பலி கொடுத்தால் கதவு திறக்கும், கைதட்டல் விழும், பிறகு தோற்றுப்போவாள். கை குதிரை வரைக்கும் போயிற்று. சோறு போட்ட இடத்தில் பொய் வீரம் காட்டக்கூடாது என்று கையை இழுத்து, ராஜாவை ஒரு கட்டம் தள்ளினாள். கணினி யானையை அங்குமிங்கும் அலைத்தது. உள்ளே புக வழியில்லை. ஒரே நிலை மூன்று தரம் வந்ததும் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. தாட்சாயினி எழுந்து, வெல்ல முடியவில்லை என்று அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அகப்பையும் கையுமாக நின்ற அன்ரி, இந்தச் சாமானை ஆராவது வெல்லுறவையோ என்று பிரதீஸை விசாரித்தார். ஒருவருமில்லை என்றான் அவன்.

"அப்ப அதாலையும் எங்கட பிள்ளையை வெல்லேலாமப் போச்சு, என்ன?"

"ஓம் அன்ரி."

அன்ரி சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு எத்தனை தரம் விசா இல்லையெண்டவங்கள். நான் அவங்களை வெண்டனானே? இல்லை. ஆனா இஞ்சைதான் நிக்கிறன். கேசரியைக் குடுங்கோ."

பயந்து விளையாடுகிறது என்றவர்தான் முதலில் கைதட்டினார். அவருக்கும் விசா கிடைத்த கதை நீளம்.

கொத்துரொட்டிச் சத்தம் மறுபடி கிளம்பியது. கேசரியை வாயில் வைத்த தாட்சாயினிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதர்களிடம் வந்து சேர்ந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அப்போது உள்ளே வந்த ஒருவர் மூலை மேசையைக் காட்டி, இருக்கலாமோ என்று கேட்டார். அவள் பதறி எழும்பினாள்.

அன்ரி அவள் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

"நீ இரு. அவர் நிப்பார்."