நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

புள்ளிவிவரத் துறை இயக்குநரை அலுவலகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'நட்சத்திரம்' என்றுதான் சொல்வார்கள். பதவிக்கு வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு அப்படி. எந்த வரைபடத்திலும் கோடு பத்து சதவீதத்துக்கு மேல் சறுக்கினால் அங்கே நட்சத்திரக் குறி போட்டு, கீழே காரணம் எழுத வேண்டும். காரணம் சொன்னவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் அச்சுப் பிரிவு வாங்காது. இதை வைத்து அவர் அழவைத்த ஆட்கள் கொஞ்சநஞ்சமல்ல. வரைபடம் போடும் அவருடைய கொழுந்தியாளும் அதில் ஒருத்தி.

அன்று அவள் ஏழு நாடுகளின் நைட்ரஸ் ஆக்சைடு வளர்ச்சியை ஒரே தாளில் கொண்டுவந்திருந்தாள். வயலில் கொட்டும் உரம், மாட்டுச் சாணம், அமில ஆலை எல்லாவற்றிலிருந்தும் கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் வாயு. எல்லா நாட்டுக்கும் 1990-ஐ நூறு என்று வைத்தால் இன்று பக்கத்து நாடு நூற்று முப்பது, நாம் நூற்று அறுபத்து நான்கு. ஏழு பேரில் நாம்தான் முதல். மார்தட்டிக்கொள்கிற முதலிடமா அது?

இயக்குநர் தாளை மேசைமேல் விசிறியடித்தார்.

"திங்கக்கிழமை மாநாட்டுல அமைச்சர் இதைத் தூக்கிக்கிட்டு நின்னா என் தலைதான் உருளும். 2007-ஐ நூறுன்னு வை. நட்சத்திரத்துக்குக் கீழ எழுதியிருக்கிற ஒப்பாரியையும் எடு."

2007-இல் நம் அமில ஆலை ராப்பகலாக ஓடியதில் கோடு உச்சிக்குப் போயிருந்தது. மறு வருடம் ஆலை வெடித்தது, கோடும் தடாலென்று விழுந்தது. உச்சியிலிருந்து கணக்கை ஆரம்பித்தால் இன்று நமக்கு எண்பத்தெட்டுதான். பார்க்கிறவன் நாம் குறைத்துவிட்டோம் என்று கைதட்டுவான். விழுந்த பிறகு வருடா வருடம் ஏறிக்கொண்டே வருவது யார் கண்ணில் படப்போகிறது? அவர் ஒப்பாரி என்றது, 'ஆலை வெடிப்பு, பதினோரு பேர் பலி' என்று அவள் எழுதியிருந்த ஒரு வரியை. அந்தப் பதினோரு பேரில் அவள் தம்பியும் ஒருவன். பிணவறையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவனை அடையாளம் சொன்னவர் இதே மனுஷன்தான்.

"அந்த வருஷத்தையா சார்?"

"ஏன், அதுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? பதினாறு வருஷமா இதே பாட்டு. நான் இல்லேன்னா இந்த வேலை உனக்குக் கிடைச்சிருக்குமா? என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே..."

"சம்பளம் ஆபீஸ் குடுக்குது சார். உங்க வீட்டு அடுப்புலேருந்து வரலை."

"வாயை மூடு! சொன்னதைச் செய், இல்லே மூட்டையைக் கட்டு."

கட்டலாம்தான். கட்டினால் இன்னொருத்தி வந்து போடுவாள், தம்பி செத்தது அரசாங்கத்தின் சாதனையாகிவிடும். அவள் தன் இடத்துக்குப் போனாள். 2007-ஐ நூறாக்கி, கோடு விழுந்த இடத்தில் நட்சத்திரத்தை வைத்து, கீழே வெறுமையாக விட்டுத் திரும்ப வந்து நீட்டினாள்.

"காரணம் சார்?"

"கட்டுப்பாட்டு நடவடிக்கைகளின் வெற்றின்னு போடு."

"சொன்னவங்கதான் சார் எழுதணும். உங்க உத்தரவு. போன மாசம் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு எல்லார் முன்னாடியும் என்னை நாய் மாதிரி விரட்டினீங்களே."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். 'கட்டுப்' வரைக்கும் எழுதினார்.

"எழுதுங்க அத்தான்," என்றாள். அலுவலகத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அவன் கையில கடிகாரம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுன்னு அக்காகிட்ட வந்து அழுதீங்களே, அந்தக் கையாலயே எழுதுங்க."

பேனா நின்றுவிட்டது.

"சனியனே," என்றார். அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தார். மேசையில் கிடந்த பழைய தாளை எடுத்து, அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் ஒப்புதலைக் கிறுக்கித் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, தெரியும் சேதி."

"மிதிக்கலை. ஏன் வரலைன்னு அக்கா கேப்பா அத்தான். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."