மாத்திரை இல்லாத பதினான்கு நாள்

எட்டு வருடமாக நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாத்திரை விழுங்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் பொந்தியான் அரசு கிளினிக்கில் வரிசையில் நின்று வாங்குவேன். எரிச்சல் அடங்கியிருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு லோஷினி தனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சீட்டைக் காட்டினாள். வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் தெரியாதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நானும் அதே பரிசோதனைக்குப் போனேன். அன்று காலைகூட மாத்திரை போட்டுவிட்டுத்தான் ஊதினேன். யாரும் கேட்கவில்லை. கிருமி இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் என் வேலையே கிருமி பார்ப்பதுதான். மருந்து ஊற்றிக் கழுவிய மேசையில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்தால் ஒன்றும் சிக்காது. இது அங்கே நேற்று சேர்ந்தவளுக்கும் தெரியும்.

நேராக டாக்டர் வசந்தினியிடம் போனேன். புதிதாக வந்தவர், என்னைவிடச் சின்னவர்.

"ஃபைல்ல நெகட்டிவ்னு இருக்கே அக்கா. மறுபடியும் எதுக்கு?"

"மாத்திரை போட்டுக்கிட்டு எடுத்த டெஸ்ட் அது டாக்டர். திரும்ப எடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அவர் பழைய பக்கங்களைப் புரட்டினார். மாத்திரையை நிறுத்தச் சொன்னதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. "சரி, நிறுத்துங்க. ரொம்ப முடியலன்னா போன் பண்ணுங்க," என்றார்.

பதினான்கு நாளும் நரகம். தொண்டை வரை எரிந்தது. "பிடிவாதம் லா உனக்கு. ஒண்ணே ஒண்ணு போட்டுக்க," என்று என் கணவர் தங்கராஜு மாத்திரையை நீட்டினார். ஒன்று போட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண். கையைத் தட்டிவிட்டேன்.

பதினைந்தாம் நாள் போய் ஊதினேன். கிருமி இருந்தது. அப்புறம் வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள்.

"மாத்திரை எரிச்சல அடக்கிருச்சு. கிருமி அப்படியே இருந்து, வீக்கம் வயித்தோட மேல்பகுதி வரைக்கும் பரவிருச்சு. உள்சவ்வு மெலிஞ்சிருக்கு," என்றார் வசந்தினி. "கிருமிக்கு ரெண்டு வாரம் மருந்து தர்றேன். மெலிஞ்சது திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. சாரி அக்கா."

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

மருந்து கொடுக்குமிடத்தில் முப்பது பேர் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போய் நின்றேன். மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கத்தினேன்.

"வயித்து மாத்திரைய வருசக்கணக்கா வாங்குறவங்க யாரு? நீங்களா நிறுத்தாதீங்க. கிருமி டெஸ்ட் எடுத்தாங்களா, எப்படி எடுத்தாங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க!"

"காக், துடுக் டூலு," என்று கவுன்டர் பெண் என்னை உட்காரச் சொன்னாள்.

"உக்காந்தது போதும்."

முன்வரிசையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் நம்பர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். எழுந்து டாக்டர் அறைப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.