இடுக்கில் வைக்கும் விளக்கு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கூலி வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கார் கம்பெனி (பெயர் வேண்டாம், இன்னும் வேலை தருவார்கள் என்று ஒரு நப்பாசை) தன்னுடைய நீண்டகாலத் திட்டத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னது. 2030இல் அவர்கள் விற்கும் கார்களில் பாதி மின்சாரக் கார். 2045இல் கம்பெனியும் அதற்கு உதிரிபாகம் கொடுப்பவர்களும் எல்லாரும் சேர்ந்து கார்பன் சமநிலை அடைந்துவிடுவார்கள். அதாவது, விடுகிற புகையும் ஈடுகட்டுகிற புகையும் சரிக்குச் சரி. உதிரிபாகம் கொடுப்பவர்களில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் உண்டு என்பதால் என்னைப் பிடித்தார்கள்.

விருத்தாசலத்தில் என் வீட்டு மாடியறையில், மின்விசிறி இருக்கிற சூட்டையே திருப்பித் திருப்பி வீச, அதைத் தமிழாக்கினேன். 2045இல் எனக்கு என்ன வயதாகும் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிக்கவில்லை.

அதில் உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கான விதிகளில் ஒரு வரி: "ஒரு முறை சூளை எரிந்தால் அதில் எங்கள் பொருள் மட்டுமே இருக்க வேண்டும்." அதை எழுதும்போது எங்கள் ஊர் டெய்சியின் சூளை நினைவுக்கு வந்தது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்துத் தொலைய வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அது ஒரு ரம்மியமான காலைப் பொழுது. செராமிக் பேட்டையின் மீது..."

இல்லை. விருத்தாசலத்தில் ரம்மியமான காலை ஏழு மணிக்கே முடிந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "புகை யாருக்குச் சொந்தம்? மனித குலம் நெருப்பைக் கண்ட நாள் முதலாய்..."

இது கட்டுரை. நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது: டெய்சி சூளை அடுக்குகிறார்.

இதையே வைத்துக்கொள்கிறேன். டெய்சிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டும் ஒரு கேஸ் சூளையும் அவருடையவை. மின்சாரக் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு ஃப்யூஸ் இருக்கும். அதை மூடி ஒரு பீங்கான் கூடு. அந்தக் கூடு இவருடைய ஷெட்டில் தயாராகிறது. இப்போது கையில் இருக்கும் ஒரே ஆர்டர் அதுதான். அது போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்கள் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போக வேண்டும்.

கூடுகளை அடுக்கும்போது அங்கங்கே இடுக்கு விழும். அந்த இடுக்குகளில் காசியம்மாளின் விளக்குகள் போகும். காசியம்மாள் இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே பீங்கான் அகல் செய்கிறவர். சொந்தச் சூளை கிடையாது. கூடுகளோடு கூடுகளாக வெந்து வரும் விளக்குகளைத்தான் கார்த்திகைக்கு விற்கிறார். இதற்காக டெய்சி எதுவும் வாங்கிக்கொள்வதில்லை. எரியப்போகிற சூளையில் வெறும் இடம் விடக் கூடாது, சூளை இல்லாதவர் பொருளை வைத்து நிரப்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம்.

அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. டெய்சி சூளைக்குள் பாதி உடம்பை நுழைத்திருப்பார். இடுக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். பின்னால் நிற்கும் காசியம்மாள் அந்த உள்ளங்கையில் ஒரு விளக்கை வைப்பார். (இந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல உத்தி இல்லைதான். ஒளித்து வைத்து விளையாட எனக்குத் தெம்பில்லை.)

3

கம்பெனி சார்பில் சூளையைப் பார்வையிட வருகிறவன் பிரவீன்குமார். முதல் வரைவில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, அதட்டுகிற குரலும் கொடுத்திருந்தேன். வில்லன் கிடைத்துவிட்டால் பாதிக் கதை தானாக நடந்துவிடும். ஆனால் நேரில் வந்தவன் திட்டக்குடியை அடுத்த நம்மூர் மங்களூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன். வெயிலில் பைக்கில் வந்து இறங்கி, தண்ணீர் கேட்டு, இரண்டு சொம்பு குடித்தான். அவனை எப்படி வெறுப்பது?

"அக்கா, அடுத்த தடவையிலேருந்து நம்ம ஐட்டம் மட்டுந்தான் வைக்கணும். கதவ மூடறதுக்கு முன்னாடி நான் போட்டோ எடுத்து அனுப்பணும்."

"அப்ப இடுக்குல?" என்றார் டெய்சி.

"காலியா வுட்டுடுங்க."

"காலியா வுட்டாலும் அதே கேஸுதான தம்பி எரியும்? பொக கொறையாதே."

"கொறையாதுதாங்க்கா. நானும் மேல எழுதிப் பாத்துட்டேன். வெளக்கயும் சேத்து வச்சா எந்தப் பொக யாருதுன்னு காட்ட முடியலையாம். காலியா வுட்டா மொத்தப் பொகையும் நம்மளுதுன்னு தெளிவா இருக்கும்ங்கறாங்க."

"பொகைக்குப் பட்டா போடுறாங்க," என்று டெய்சி சிரித்தார். அவனும் சிரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு வெளக்கு போட்டோவுல வுழுந்தாலும் ஆர்டர நிறுத்திடுவாங்கக்கா. அப்பறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."*

* அடிக்குறிப்பு போல ஒன்று: புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சித்திரையில் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்ற யாருக்கும் இருக்காது. திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று காட்டவும் நான் வரவில்லை. வெகு தூரத்தில் உட்கார்ந்து நல்லது செய்யப் பார்க்கிறார்கள். அங்கிருந்து 2045 தெரிகிறது, இடுக்கு தெரியவில்லை. எனக்கு இரண்டும் தெரிகிறது. தெரிந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்பதுதான் விளங்கவில்லை.

4

காசியம்மாளிடம் யார் சொல்வது? இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒன்றில் அவர் அழுதார். ஒன்றில் மண்ணை வாரித் தூற்றினார். இன்னொன்றில் நியாயம் அநியாயம் பற்றி ஒரு பத்தி அழகாகப் பேசினார். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நடந்தது இவ்வளவுதான்:

சுடாத விளக்குகள் நிரம்பிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு காசியம்மாள் வந்தார். டெய்சி விஷயத்தைச் சொன்னார். பலகையை இறக்காமலே அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வேற சூளையில வைக்க முடியாதாம்மா?"

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் காசிம்மா. கார்த்திகைக்குள்ள எரியப்போறது நம்ம சூளை மட்டுந்தான்."

"திட்டக்குடி கடைக்காரருகிட்ட ஒத்துக்கிட்டு வந்துட்டேனே. வெண்பாவ காலேஜுல படிக்க வைக்கிறதே இத நம்பித்தான..." மகளின் பெயரைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். தலையில் பலகையைச் சரிசெய்துகொண்டு, "நீதான் என்னா பண்ணுவ? உன்ன நம்பியும் நாலு பொம்பளைங்க இருக்குறாங்க," என்றார். பலகையைச் சூளை ஓரமாக இறக்கி வைத்தார். "இப்பத் தூக்கிட்டுப் போவத் தெம்பு இல்ல. அப்பறமா வந்து எடுத்துக்குறேன். போயிட்டு வரேன்."

சண்டை போட்டிருந்தால் டெய்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போன பிறகு டெய்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இதை எழுதும்போது எனக்கும் அழுகை வந்தது. (இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

5

முடிவு ஒன்று. பிரவீன் போட்டோ எடுத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்புகிறான். சூளைக் கதவு திறந்தே இருக்கிறது. டெய்சி விளக்குகளை உள்ளே வைத்துவிடுகிறார். அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிரவீனிடமே சொல்லிக் காட்டினேன். "சார், கதவ மூடி சீல் வச்சிட்டுத்தான் டீயே. தொறக்கும்போது வேற ஒரு போட்டோ இருக்குது," என்றான். பாவம், அவனுக்கும் அந்த முடிவு பிடித்துத்தான் இருந்தது.

முடிவு இரண்டு. கம்பெனி மனம் மாறுகிறது. திட்டத்தில் ஒரு திருத்தம் வருகிறது. அதையும் தமிழாக்க என்னையே கூப்பிடுகிறார்கள். (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

முடிவு மூன்று. 2045. காற்று சுத்தமாக இருக்கிறது. கார்கள் சத்தமில்லாமல் போகின்றன. டெய்சியின் ஷெட் இருந்த இடத்தில்

(இந்த வாக்கியத்தோடு பல நாள் மல்லுக்கட்டினேன். விட்டுவிட்டேன்.)

6

சூளை அடுக்குகிற அன்று நானும் போனேன். கதைக்கு முடிவு கிடைக்குமென்ற சுயநலம்தான்.

காசியம்மாள் வரவில்லை. அவருடைய பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. வாசலில் பிரவீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கலாமென்று நான் பலகைப் பக்கம் ஒதுங்கினேன். டெய்சி சூளைக்குள் குனிந்து கூடுகளை அடுக்க ஆரம்பித்தார். முதல் இடுக்கைக் காலியாக விட்டார். அடுத்ததையும் விட்டார். அப்புறம் வேலை சூடு பிடித்தது, நினைப்பு வேலையில் போய்விட்டது.

வலது கை பின்னால் நீண்டது. உள்ளங்கை விரிந்து நின்றது.

"குடு காசிம்மா," என்றார் உள்ளேயிருந்து.

சூளைக்குள் கூடுகள் உரசும் சத்தம் நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டதென்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

பிரவீன் என்னைப் பார்த்தான். டெய்சிக்குப் பின்னால் நின்றது நான்தான். பலகை என் காலடியில் இருந்தது. "எங்கள் பொருள் மட்டுமே" என்ற அந்த வரியைத் தமிழில் எழுதியவனும் நான்தான்.

அன்று நான் என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும், என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்வேன். அதனால் விலகிக்கொள்கிறேன். நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள். ஒரு விளக்கை வைத்தால் டெய்சியின் ஷெட் போகும், வைக்காவிட்டால் காசியம்மாளின் கார்த்திகை போகும். பலகை உங்கள் இடப்பக்கம் இருக்கிறது. சுடாத விளக்கு, அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். எடுப்பதானால் பார்த்து எடுங்கள்.

கம்பெனிக்கு அவசரமில்லை, அவர்களுக்கு 2045 வரை நேரம் இருக்கிறது. நீங்கள் ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். கையை இப்படியே நீட்டிக்கொண்டிருந்தால் டெய்சிக்குத் தோள் வலிக்கும்.